கறுப்புக் கீற்று

ஆளில்லாத தீவொன்றில் இறங்கியிருந்த ஹாம் வானொலிக் குழு அன்று மாலையோடு கருவிகளை மூட்டை கட்டவிருந்தது. அதற்குள் ஒருமுறை பேசிவிட உலகமே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கல்லூரி வானொலி மன்றத்தின் திரையில் கூப்பிடும் ஒவ்வொருவரும் ஒரு மஞ்சள் கோடு. சீனியர் கோமதிநாயகம் மூன்று மணி நேரம் நெரிசலுக்குள்ளேயே கூப்பிட்டுச் சலித்து, டீ குடிக்கப் போனார். நான் உட்கார்ந்தேன். கோடுகளுக்கு நடுவே யாரும் கூப்பிடாத அலைவரிசை ஒன்று கறுப்புக் கீற்றாகக் காலியாகக் கிடந்தது. அங்கே நகர்ந்து, பரீட்சை எழுதி நான் வாங்கிய கால்சைனை, வானொலியில் என் பெயராக நிற்கும் குறியை, போட்டுக் கூப்பிட்டேன். பதினைந்து நொடி கூப்பிட வேண்டும், பதினைந்து நொடி கேட்க வேண்டும். இரண்டாவது சுற்றிலேயே தீவு என் கால்சைனைச் சொல்லிக் கூப்பிட்டது. என் பதில் முழுதாகப் போய்ச் சேர்ந்தால்தான் கணக்கு. அந்தப் பதில் கிளம்பியபோது அவர் திரும்பி வந்தார்.

“நிப்பாட்டு இசக்கி. எந்திரி. என் கால்சைனப் போடணும்.”

“அது என்னயத்தாம்ணே கூப்பிடுது.”

“உன்னை யாருக்குத் தெரியும்?”

“தீவுக்குத் தெரியும்ணே.”

அவர் நாற்காலியைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். என் பதில் போய் முடிய இன்னும் ஒன்பது நொடி இருந்தது. நான் மேசைக்காலில் என் காலைச் சுற்றிக்கொண்டேன்.