சிவந்த பிரஷ்

உடலின் செல்கள் அவசரமாகப் பெருகினால் எச்சிலில் ஒரு புரதம் கூடும். அதைக் கண்டுபிடிக்கும் பல் பிரஷ் பச்சையிலிருந்து சிவப்பாகிவிடும். போன வருடம் செண்பகவல்லியின் புற்றுநோயை முதலில் சொன்னதே அந்த பிரஷ்தான். சிகிச்சைக்குப் பின் பச்சையாகவே இருந்தது, இன்று காலை மறுபடி சிவந்தது.

"திரும்பவும் வந்துட்டு," என்றாள். கணவன் செல்லச்சாமி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவைக் கிளப்பினான்.

உடல் முழுவதும் படமெடுத்துப் பார்த்த டாக்டரம்மா சிரித்தார்.

"புற்று எங்கயும் இல்லம்மா. வேகமா வளர்றது ஒரே எடத்துலதான். தலையத் தடவிப் பாருங்க."

சிகிச்சையில் முடி கொட்டிய தலையை மூடியிருந்த துண்டை அவிழ்த்துத் தடவினாள். முளைவிட்ட முடி உள்ளங்கையில் குறுகுறுத்தது.

திரும்பும் வழியில், ஃபேன்சி ஸ்டோர் வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள்.

"பெரிய சீப்பு ஒண்ணு குடுங்க," என்று வெறுந்தலையோடு நிமிர்ந்து நின்று கேட்டாள். "அப்படியே பேன் சீப்பும் ஒண்ணு!"