மெமரி காலி

மறுபடியும் அதே எண்தான்.

கௌரி தன் சம்பளப் புரோகிராமை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டபோது அவ்வளவு இருந்த ‘ஃப்ரீ மெமரி’ இப்போது அடிமட்டத்தில் கிடந்தது. புரோகிராமை நிறுத்தினால் அது பிடித்த இடம் திரும்பி வரவேண்டும். வரவில்லை. அட சனியனே, யார்தான் தின்கிறார்கள்?

ஈப்போ ஆபீசில் எல்லாருக்கும் பதில் தெரியும். புதுப் பெண்ணின் புரோகிராம்தான் தின்கிறது.

எண்பத்தொன்பதில் அந்தத் தோட்டக் கம்பெனி வாங்கிய முதல் கம்ப்யூட்டர் அது. பாகான் டத்தோ தோட்டத்துக்கு மட்டும்தான் அதில் சம்பளம் போட்டார்கள். மற்றத் தோட்டங்களில் கிராணிகள் இன்னும் கையால்தான் கணக்கெழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு தோட்டத்துக்கே மெஷின் மூச்சு முட்டுகிறதென்றால் அதைக் கட்டி அழுவானேன்?

ஜொகூர்த் தோட்டங்களில் முப்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு, போன மாதம்தான் ஈப்போவுக்கு வந்திருந்த மானேஜர் சதாசிவம் சுற்றி வளைக்கவில்லை. இன்று மாலைக்குள் காரணம் தெரியவேண்டும். இல்லாவிட்டால் மெஷினும் வேண்டாம், அவளும் வேண்டாம்.

பட்டம் வாங்கிவிட்டு இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்தவள் கௌரி. இதுவும் போனால் மறுபடி ஊர்தான். படித்து என்ன கிழித்தாய் என்று கேட்பார்கள்.

இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

சத்தமே இல்லை.

காலையில் முதல் தடவை ஓட்டியபோது டிஸ்க் பெட்டி கடகடவென்று ஊரைக் கூட்டியது. இப்போது கப்சிப். ஆனாலும் அத்தனை பேர் வருகைக் கணக்கையும் படித்துச் சம்பளத்தையும் போட்டு முடித்துவிட்டதே!

டிஸ்க்கைத் தொடாமல் எங்கேயிருந்து படித்தது?

கௌரிக்குப் புல்லரித்தது. காலையில் படித்த ஃபைல்களை மெஷின் வெளியே தள்ளவேயில்லை. மறுபடி கேட்டாலும் கேட்பாள் என்று மெமரியிலேயே வைத்துக்கொண்டிருக்கிறது. இடம் வீணாகக் கிடப்பானேன் என்று தானாகச் செய்கிற வேலை. வேறு யாராவது இடம் கேட்டால் அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கொடுத்துவிடும்.

கொடுக்குமா? மெமரியில் பெரும்பங்கைக் கேட்கும் ஒரு சின்னப் புரோகிராமை எழுதி ஓட்டினாள்.

மறுபேச்சில்லாமல் கொடுத்தது.

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மானேஜர் அறைக்கு ஓடினாள்.

“என்னம்மா, மெமரி காலியா?” என்றார் சதாசிவம்.

“காலிதான் சார்!”

அவர் முகம் கறுத்தது. தீர்ந்துபோயிற்று என்று எடுத்துக்கொண்டார். பாழாய்ப்போன தமிழில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை. மெஷினை விற்றவனையே வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்ல டெலிபோனைத் தூக்கினார்.

“ஐயோ, தீந்துபோன காலி இல்ல சார், சும்மா கிடக்கிற காலி! கேட்டா குடுக்கும்.”

டெலிபோன் கீழே இறங்கியது. அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். ஆனால் ‘சும்மா கிடக்கிற’ என்பதிலேயே அவர் மனம் நின்றுவிட்டது. நிலமானாலும் ஆளானாலும் சும்மா கிடந்தால் அவருக்குப் பொறுக்காது.

“அப்ப சுங்காய்த் தோட்டத்துச் சம்பளத்தையும் இதுலயே போட்டுடலாம் லா. அங்க அந்தக் கிழட்டுக் கிராணி எதுக்கு? இந்த மாசத்தோட நிப்பாட்டிடுவோம். நீயே போயி பக்குவமாச் சொல்லிட்டு, கணக்கையெல்லாம் வாங்கிட்டு வந்துடு.” பெரிய மனசோடு சிரித்தார். “உன் வேலை கன்ஃபர்ம் லா.”

கௌரி வாயைத் திறந்தாள். என்னவென்று சொல்வது? மெஷினில் இடமில்லை என்றா? இடமிருக்கிறது என்று இப்போதுதான் தொண்டை கிழியச் சொல்லி முடித்திருந்தாள்.

“சுங்காய்க்கு வழி தெரியுமா?”

“தெரியும் சார்.”

சிபாரிசில் வந்தவள் என்று ஒருவரும் நாக்குமேல் பல் போட்டுப் பேசக்கூடாது, அதனால் நான்தான் உன் அப்பன் என்று ஆபீசில் மூச்சு விடாதே என்று அந்தச் சுங்காய்க் கிராணி அவளிடம் சத்தியமே வாங்கியிருந்தார்.