எழுந்து நடக்கச் சொன்ன வாட்ச்

செண்பகவல்லி காலையிலிருந்து உட்காரவே இல்லை. மாவாட்டினாள், துணி துவைத்தாள், ஈரத்துணி வாளியை மாடிக்குச் சுமந்தாள். தண்ணீர் பட்டுவிடுமே என்று, மகள் வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்ச்சைக் கழற்றி அலமாரியில் வைத்திருந்தாள்.

வேலை முடிந்ததும் அதைக் கட்டிக்கொண்டு, சமையலறை நாற்காலியில் காப்பியோடு சாய்ந்தாள். உடனே வாட்ச் அதிர்ந்தது.

"இன்று நீங்கள் அசையவே இல்லை. எழுந்து கொஞ்சம் நடங்கள்."

"யாரைப் பார்த்து என்ன பேசுகிறாய்?" என்று சீறியது நாற்காலி. "அவள் பட்ட பாடு உனக்குத் தெரியுமா?"

"என் கணக்கில் எதுவும் ஏறவில்லையே" என்றது வாட்ச்.

"அலமாரியில் படுத்துக் கிடந்தது நீ. சோம்பேறிப் பட்டம் அவளுக்கா?"

வாட்ச் மறுபடியும் அதிர்ந்தது.

"சரி, நடக்கிறேன்" என்று செண்பகவல்லி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, வீங்கிய கால்களை ஊன்றி எழுந்தாள். நாற்காலிக்குப் பொறுக்கவில்லை. தன் காலில் துருத்திக்கொண்டிருந்த ஆணியால் அவள் சேலை விளிம்பைக் கவ்விப் பிடித்தது. அவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

சேலையை விடுவிக்கக் குனிந்தவள், என்ன நினைத்தாளோ, முதலில் வாட்ச்சைக் கழற்றி மேஜையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு ஆறிப்போவதற்குள் காப்பியை எடுத்துக் குடித்தாள்.