திருட்டுப் பாட்டு

"பார்ல பாடுற பாட்டை என் சபையில பாட விடமாட்டேன், சிஸ்டர் வெல்மா. செத்தவர் உங்க புருஷனாவே இருக்கட்டும்!"

பாஸ்டர் லூசியஸ் கறாராகச் சொல்லிவிட்டார். வெளியே சவப்பெட்டியில் வெல்மாவின் கணவர், பாடகர் ராஸ்கோ. மெம்பிஸ் நகரத்தில் பாதி அவரைச் சுற்றி நின்றது. காதலில் தோற்ற எவனும் அவருடைய 'விளக்கு எரியுது, கண்ணே' பாட்டைக் கேட்டு அழாமல் இருந்ததில்லை.

"அந்தப் பாட்டோட என்னை வழியனுப்புன்னுதான் கடைசியா கேட்டார், பாஸ்டர்."

"நம்ம சபைப் பாட்டைத் திருடி, 'இயேசு'ன்னு வர்ற இடத்துல 'கண்ணே'ன்னு போட்டு ரெக்கார்டு வித்தவராச்சே! அம்பது வருஷமா இந்தப் படியை மிதிச்சாரா?"

வெல்மாவுக்குக் கோபமே வரவில்லை. கறுப்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"சரி, சபைப் புத்தகத்துல இருக்கறபடி 'இயேசு'ன்னே பாடறேன். ஆட்சேபணை இல்லையே?"

"அது பரிசுத்தமான பாட்டு. தாராளமா பாடுங்க!"

எழுபத்தைந்து வயதுக் குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. முன்வரிசைத் தொப்பிக்காரம்மாக்களும் பின்வரிசை பார்க்காரர்களும் ஒன்றாகத் தேம்பினார்கள். லூசியஸே கைக்குட்டையைத் தேடினார்.

அடக்கம் முடிந்து, பொரித்த கோழித் தட்டோடு அவர் வெல்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாத்தீங்களா? அசல் அசல்தான். எழுதின புண்ணியவான் யாரோ, புத்தகத்துல பேர்கூட இல்ல."

வெல்மா கைப்பையிலிருந்து பழுப்பேறிய ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி, எங்கப்பாவுக்குப் பயந்து ராஸ்கோவை ஒரு தடவை வேண்டாம்னுட்டேன். அப்ப ராஸ்கோ எனக்கு எழுதின பாட்டு இது. சமையலறையில முணுமுணுத்துட்டிருந்தேன், இங்க பாஸ்டரா இருந்த எங்கப்பா கேட்டுட்டார். பயத்துல ஒரே ஒரு வார்த்தையை மாத்திப் பாடினேன். மனுஷன் உருகிப்போய்ப் புத்தகத்துலயே சேத்துட்டார்!"

"அப்ப திருட்டு..."

"நான் பண்ணினது. உண்மையைச் சொல்லிடறேன்னா, 'உன்னை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது'ன்னு அந்தத் திருட்டுப் பேரைச் சாகறவரைக்கும் அவரே சுமந்தார்."

லூசியஸ் கோழித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியைப் படித்தார்.

'விளக்கு எரியுது, வெல்மா.'