கடலைத் தயிர்

தயிர் கத்தியால் வெட்டலாம் போல் உறைந்திருந்தது.

அவள் சட்டியைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தாள். அசையவில்லை.

நாலு வருஷமாக அவளும் நிலக்கடலைப் பாலில் தயிர் செய்து பார்க்கிறாள். ஒரு நாளும் இப்படி வந்ததில்லை. கொழகொழவென்று, மோருக்கும் கஞ்சிக்கும் நடுவில் நிற்கும்.

“எதுலப்பா உறை ஊத்துனீங்க?”

“மிளகாய்க் காம்புதான். ஒரு பிடி கிள்ளிப் போட்டேன். வீடியோவுல அந்தம்மா சொன்ன மாதிரியே.”

கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது.

சற்று முன் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தபோது முட்டைகோசுக்குப் பின்னால் ஒரு டப்பாவைப் பார்த்திருந்தாள். கடையில் வாங்கிய பசும்பால் தயிர். ஒரே ஒரு கரண்டி மட்டும் எடுத்திருந்தது.

அப்பாவுக்குத் தயிர் ஆகாது. தொட்டாலே சளி பிடித்துவிடும்.

அவள் தட்டின் முன் உட்கார்ந்தாள்.

ஒரு வாரமாக உங்கப்பாவுக்கு இந்தச் சமையல் பழகுற வேலைதான் என்று பக்கத்து வீட்டு லூர்து அக்கா வாசலிலேயே சொல்லிவிட்டாள். மகள் சாப்பாட்டில் பால் கிடையாது, நெய் கிடையாது, முட்டை கிடையாது. வீகன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. வேகன் என்பார். பொன்மலை ரயில்வே பணிமனையில் சரக்கு வேகன்களோடு காலம் தள்ளிய மனுஷன் வேறெப்படிச் சொல்வார்?

கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. வாழைக்காய் வறுவல். முருங்கைக்கீரைப் பொரியல்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. உப்புகூடச் சரியாக இருந்தது.

தயிரில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார். சின்ன வயதில் அவள் தயிர்ச்சோறு சாப்பிடாமல் தட்டை விட்டு எழமாட்டாள். அதைக் கொடுத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டிருப்பார். காம்பு போட்டு உறையாமல் போயிருக்கும். மகள் வரும் நாளில் தயிர் உறையவில்லை என்று பயந்துபோய் அந்த டப்பாவிலிருந்து ஒரு கரண்டி ஊற்றியிருப்பார்.

அவளுக்குக் கோபம் வரவில்லை.

கூடத்தில் ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று விட்டுப்போன பழைய ப்ளூஸ் ராக் இசைத்தட்டுகள். பாடுகிறவன் அழுகிறானா, சண்டைக்கு வருகிறானா என்று கடைசி வரை தெரியாது. கிடார் அவனை விடாமல் துரத்திக்கொண்டே இருக்கும். அவள் வருகிறாள் என்று ஒவ்வொன்றையும் துடைத்து வைத்திருந்தார்.

போன வருஷம் அவள் ஜெர்மனியிலிருந்து பேசும்போதெல்லாம் பின்னால் இதுதான் ஓடும்.

அம்மா எங்கே என்று கேட்பாள். கோயிலுக்குப் போயிருக்கா. தூங்குறா. குளிக்கிறா என்பார் அப்பா.

என்னப்பா இவ்வளவு சத்தம் என்று ஒரு நாள் கேட்டாள். கிழவனுக்கு வேற என்ன பொழுதுபோக்கு என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

அம்மாவின் இருமல் போனில் கேட்டுவிடக் கூடாது. அதற்குத்தான் அந்தச் சத்தம். அதையும் லூர்து அக்காதான் சொன்னாள், கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில்.

அவள் பரீட்சை முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று பார்த்தார்களாம்.

அவளுக்காகச் சவப்பெட்டியை மூடாமல் வைத்திருந்தார்கள். அம்மாவின் முகம் பாதியாகிப் போயிருந்தது. அன்றைக்கு அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த விமானத்தில் திரும்பிவிட்டாள்.

அதன் பிறகு இப்போதுதான் வருகிறாள். ஒரே ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு வருகிறாள்.

“அந்தப் பாட்டை நிறுத்துங்கப்பா.”

அப்பா எழுந்து போனார். ரெக்கார்டு மேலிருந்த முள்ளைத் தூக்கி ஓரமாக வைத்தார். தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தார்.

கேட்கலாமா வேண்டாமா என்று அந்த நொடியிலும் அவளுக்குத் தயக்கம்தான். ஆமாம் என்றால் தாங்க முடியுமா என்று தெரியவில்லை.

“அம்மா என்னைக் கேட்டாங்களா?”

“இல்ல ஜெசி. புள்ளைய வரவழைக்காதீங்கன்னு அவதான் என்கிட்ட சத்தியம் வாங்குனா. நிம்மதியாத்தான் போய்ச் சேந்தா.”

கேள்வி முடியும் முன்பே வந்த பதில்.

காம்பு கிள்ளிப் போட்டேன் என்று சொன்னாரே, அதே குரல். அதே அவசரம். கண் மட்டும் அவளைப் பார்க்காமல் தயிர்ச் சட்டியில் இருந்தது.

அம்மா கேட்டிருக்கிறாள்.

ஒரு தடவை இல்லை. பாட்டுச் சத்தத்துக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவை போன் அடித்தபோதும் கேட்டிருக்கிறாள்.

எதிரே இருந்த மனுஷனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. அவர் மடியில் விழுந்து அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டில் ஒன்றைக்கூட அவளால் செய்ய முடியவில்லை.

அப்பாவின் மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த கொப்புளம் இருந்தது. வாழைக்காய் வறுக்கும்போது பட்டிருக்கும். அதை அவர் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டார்.

“தயிர் போடட்டுமாம்மா?”

கரண்டியைச் சட்டியின் விளிம்பில் சாய்த்துப் பிடித்தார். அவர் காத்திருந்தார். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பதில்தான் அவர் உயிரே இருப்பதுபோல் இருந்தது.

அவள் சோற்றின் நடுவில் விரலால் குழி செய்தாள். தட்டை நீட்டினாள்.