சின்ன வீடு, இரண்டு நாள்

“அம்மா, அப்பாவோட சின்ன வீட்டுல நாம ரெண்டு நாள் தங்கப் போறோமா?”

பத்து வயது மகள் கேட்ட கேள்வியில், பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்த தலைமையாசிரியை புடவையை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பினார்.

“யார்டி சொன்னா உனக்கு?”

“அப்பாதான் எழுதி வச்சிருக்கார். இதோ பாருங்க.”

டீச்சர் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். நாலு வருஷமாகத் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த குடும்பச் சுற்றுலா. நாளை மறுநாள் கிளம்பி, வடகோடி மலையிலிருந்து தென்கோடிக் கடல்வரை, சொந்த வேனிலேயே பன்னிரண்டு நாள். போகிற இடமெல்லாம் வில்லா பார்த்து வைக்கும் வேலை கண் டாக்டரான கணவருடையது. அவருடைய கோழிக் கிறுக்கலில் இப்படி இருந்தது:

மலை – வில்லா – 4 நாள்.
காடு – வில்லா – 3 நாள்.
நடுவழி – சின்ன வீடு – 2 நாள்.
கடல் – வில்லா – 3 நாள்.

கடலுக்கு ஐந்து நாள் என்றுதான் பேச்சு. டீச்சர் நாலு வருஷமாக ஆசைப்பட்டதே அந்தக் கடலுக்குத்தான். அதில் இரண்டு நாளைக் கடித்துத் தின்றுவிட்டு நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது சின்ன வீடு! பக்கத்திலேயே, யாரும் கேள்விப்பட்டிராத ஓர் ஊரின் பெயர் வேறு.

போன வாரம் பால்கனியில் டாக்டர் போனில் குசுகுசுத்தது இப்போதுதான் உறைத்தது.

“குழந்தை நல்லா பால் குடிக்குதா? சரி, விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும்.”

டீச்சர் எட்டிப் பார்த்ததும், “பேஷண்ட்” என்று சொல்லி போனை வைத்துவிட்டார். எந்தக் கண் டாக்டர் பேஷண்டிடம் பால் குடித்த கதையைக் கேட்பார்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார் மனுஷன்!

பதினாறு வருஷத் தாம்பத்தியம் கண்ணெதிரே ஆட்டம் கண்டது. டாக்டர் மதியச் சாப்பாட்டுக்கு வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. அவர் எங்கே போகிறார், வருகிறார் என்பது டிரைவருக்குத் தெரியாமல் இருக்குமா? விறுவிறுவென்று கீழே இறங்கினார்.

டிரைவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“மறைக்காம சொல்லுங்க. இந்த ஊர்ல யார் இருக்கா?”

தாளில் ஊரின் பெயரைப் பார்த்ததும் டிரைவர் கையிலிருந்த தண்ணீர்க் குழாய் நழுவியது.

“அம்மா... இது எங்க ஊரும்மா.”

“உங்க ஊரா?”

“ஆமாம்மா. இங்க எதுக்கு ரெண்டு நாள் தங்கணும்? செங்கல் சூளையும் பஸ் ஸ்டாண்டும் தவிர பார்க்க ஒண்ணுமே கிடையாதேம்மா!” என்றவர், சட்டென்று நிறுத்தினார். “எனக்காகவா? என் சம்சாரமும் குழந்தையும் அங்கதான் இருக்காங்க. பையன் பொறந்து ஒரு மாசம் ஆச்சு. இன்னும் போன்லதான் பார்த்திருக்கேன்.”

ஈரக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. இந்த மனுஷனையா சந்தேகப்பட்டோம்!

டாக்டர் வீட்டுக்குள் நுழைந்ததும் தாளை நீட்டினார்.

“எழுதும்போது கொஞ்சம் யோசிச்சு எழுத மாட்டீங்களா? சின்ன வீடாம்!”

“அந்த ஊர்ல வில்லாவுக்கு எங்க போறது? ரெண்டு ரூம் வீடுதான் கிடைச்சது. அதையும் டிரைவரோட சம்சாரம்தான் பார்த்துச் சொன்னாங்க. அவருக்கு அங்க போய் இறங்கறப்போ தெரியட்டும்னு...” என்றவர், தாளை மறுபடி பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “அடக் கடவுளே! இப்படியா படிச்சே?”

“அது கிடக்கட்டும். அவர்கிட்ட மறைச்சது சரி, என்கிட்ட ஏன் மறைச்சீங்க? நான் என்ன கல்நெஞ்சக்காரியா? வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“போன மாசம் சொன்னியே.”

“நானா? என்கிட்ட யார் கேட்டா?”

“அவர்தான். நீ பரீட்சைத் தாள் திருத்திட்டு இருந்தே. ‘ஒரு வாரம் லீவு வேணும்மா, ஊர்ல...’ன்னு ஆரம்பிச்சார். ‘பரீட்சை நேரத்துல லீவெல்லாம் கிடையாது, அப்புறம் பார்க்கலாம்’னுட்டே. தலையைக்கூட நிமிர்த்தலை. அவரும் பேசாம போயிட்டார்.”

டீச்சருக்கு அந்த நாள் நினைவு வந்தது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். விடுப்புக் கடிதம் வந்தால் காரணத்தைப் படிப்பதற்குள் ‘அனுமதி இல்லை’ என்று எழுதிவிடும் கை. வெட்கமாக இருந்தது. சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு மறுபடியும் கீழே போனார்.

“பையனுக்கு என்ன பேர் வச்சிருக்கீங்க?”

டிரைவர் தயங்கினார். “இன்னும் வைக்கலைம்மா. அப்பன் வந்து கையில வாங்கின பிறகுதான் பேருன்னு சம்சாரம் ஒரே பிடிவாதம்.”

டீச்சர் கையை நீட்டினார்.

“வண்டிச் சாவியைக் குடுங்க.”

வேலைக்கே உலை வைத்துவிட்டார் என்று நினைத்தார் போலிருக்கிறது. டிரைவர் முகம் வெளிறிப்போய்ச் சாவியைக் கொடுத்தார்.

“மலைக்கும் காட்டுக்கும் டாக்டர் ஓட்டுவார். நீங்க சாயங்கால பஸ்லயே ஊருக்குக் கிளம்புங்க. நாங்க அங்க வந்து சேரும்போது, நான் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடணும்.”