ஏறுமுகம்

"முத்துமீனாவுக்கு மார்க் போட்டது நீங்கதான சார்?"

மேடம் கேட்டதும் அருள்பாண்டி தலைமை ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில், பூட்டிக் கிடக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாத்தியாரை வரவழைத்து விசாரிக்கிறார்கள் என்றால் சும்மாவா?

"மாவட்டத்துல இருந்து சரண்யாதேவின்னு ஒரு மேடம் வந்திருக்காங்க. உங்க ஒன்பதாம் வகுப்பு மார்க்கத்தான் நோண்டி நோண்டிக் கேக்குறாங்க. உடனே வாங்க அருள்" என்று தலைமை ஆசிரியர் இம்மானுவேல் போனில் சொன்னபோதே அருள்பாண்டிக்குப் பாதி உயிர் போய்விட்டது. "இந்தா வாரேன் சார்" என்று கிளம்பியவர், திருநகரிலிருந்து வண்டியூர் வரைக்கும் பைக்கை எப்படி ஓட்டிவந்தார் என்று அவருக்கே தெரியாது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்?

கனம் இதுதான். முத்துமீனா மூன்று வாரமாகப் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. ஆனால் வாராவாரம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற தேர்வு மார்க்கில், அவள் ஒரு வாரம்கூட விடாமல் பாஸாகியிருந்தாள்.

இதில் அருள்பாண்டி ஒன்றும் புதுப்பாதை போட்டுவிடவில்லை. வராத பிள்ளையை வரவில்லை என்று காட்டினால் வகுப்பின் கணக்கு இறங்கும். இறங்கினால் மேலேயிருந்து மெமோ வரும், தலைமை ஆசிரியர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

அதனால் எல்லாருமே வருகையைப் போட்டு, கைக்கு வந்த மார்க்கையும் போட்டுவிடுவது வழக்கம். ஊர் ஓடினால் ஒத்து ஓட வேண்டியதுதானே! காதுகுத்து, குலசாமி கும்பிடு என்று போயிருக்கும், நாளைக்கு வந்துவிடும் என்று அவரும் விட்டுவிட்டார்.

பாண்டிமீனா என்ற பிள்ளை மட்டும் போன வெள்ளிக்கிழமை பரீட்சைக்கு நடுவில் எழுந்து நின்றாள். "சார், முத்துமீனா இனிமே வர மாட்டா சார். அவ வீட்டுல..."

"மொதல்ல ஒம் பேப்பரப் பாத்து எழுது. அடுத்தவ கதை ஒனக்கு எதுக்கு?" என்று அதட்டி உட்கார வைத்தார். அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது மேடம் பதிலுக்குக் காத்திருந்தார். கரண்ட் இல்லாத அறையில் இம்மானுவேலின் நெற்றியிலும் வியர்வை வழிந்தது.

"ஆமா மேடம், நான்தான் போட்டேன்."

மேடம் கையிலிருந்த டேப்லெட்டில் ஒரு கோட்டு வரைபடத்தை விரலால் பெரிதாக்கினார். "மொத வாரம் இருபத்தஞ்சுக்குப் பதினஞ்சு. அடுத்த வாரம் பதினேழு. போன வெள்ளி பத்தொம்பது. இம்புட்டுச் சீரா ஏறுதே, எப்படி சார்?"

செத்தோம் என்று நினைத்தார் அருள்பாண்டி. படிக்கிற பிள்ளை என்றால் ஒரு வாரம் ஏறும், ஒரு வாரம் இறங்கும். இப்படியா இரண்டு இரண்டாகப் படி ஏறும்? ஒரு வாரமாவது குறைத்துப் போட்டிருக்கக் கூடாதா என்று மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டார்.

"நல்லாப் படிக்கிற பிள்ளதான் மேடம். என்ன அருள்?" என்று எடுத்துக் கொடுத்தார் இம்மானுவேல். சொல்லித் தொலையும் என்று அவர் கண் கெஞ்சியது.

"ஆமா மேடம். இருக்கிற எடம் தெரியாத பிள்ள. வெள்ளிக்கிழமகூட மொத பெஞ்சுல உக்காந்து எழுதுனா."

"நீங்க ஒங்க கண்ணால பாத்தீங்களா?"

மேடம் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி அவரை உலுக்கிவிட்டது. எழுந்து நின்ற பாண்டிமீனாவின் முகம் ஒரு கணம் வந்து போனது. இல்லை மேடம், தப்புப் பண்ணிவிட்டேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

கூடவே, போன மாதம் இதே காரியத்துக்காக சஸ்பெண்ட் ஆகி, வீட்டை விட்டு வெளியே தலைகாட்டாமல் கிடக்கும் பழைய நண்பர் நினைவும் வந்தது. இந்த வேலை போனால் யார் வாசலில் போய் நிற்பது?

"பாத்தேன் மேடம்."

மேடம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் முகத்தில் முதல்முறையாக இறுக்கம் தளர்ந்தது.

"நான் நெனச்சது சரிதான். வீட்டுல ஏதும் பிரச்சினைன்னா, பிள்ளைகளுக்கு மொதல்ல சரியுறது மார்க்குதான் சார். எத்தனையோ பாத்துட்டேன். இது சந்தோசமா இருக்கிற பிள்ளையோட மார்க்."

"கரெக்டாச் சொன்னீங்க மேடம்!" என்றார் இம்மானுவேல், தேவைக்கு மேலேயே பல்லைக் காட்டி.

"தவறாம வருது, பரீட்சை எழுதுதுன்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அருள்பாண்டி எழுதிக் கொடுத்தார். முழுப் பூசணிக்காயும் சோற்றுக்குள் போய்விட்டது, அத்தனை பெரிய ஆபீசர் கண்ணுக்கே தெரியவில்லை என்று நினைக்கையில் சிரிப்புக்கூட வந்தது. போன உயிர் திரும்பி வந்து உட்கார்ந்தது.

"டீ சொல்லட்டுமா மேடம்?" என்று கேட்டார் உற்சாகமாக.

ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டு, மேடம் போனைக் காதில் வைத்தார்.

"மருது, ஜீப்பத் திருப்பிருங்க, கல்யாண வீட்டுக்குப் போக வேணாம். மூணு வாரமா அடைச்சு வச்சிருக்காங்க, இன்னைக்குத் தாலி கட்டப் போறாங்கன்னு போன்ல அழுதது முத்துமீனா இல்ல."